அவர் "குணமாகிவிட்டார்" என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வார இதழின் 7ஆம் பக்கத்தில், அமெரிக்காவில் பிறந்து இங்கே பேரெடுத்த நகைச்சுவைக் கலைஞர் ரூபி வக்ஸ் பற்றி அரைப்பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. வழக்கமாக அந்த இடத்தில் மண்டப விளம்பரமும் நகைக்கடை விளம்பரமும்தான் இருக்கும். மனநோய் என்று பேச்சை எடுத்தாலே "வேறை ஏதும் கதையுங்கோ" என்கிற எங்கள் ஆட்களுக்கு நடுவில் இப்படி ஒன்றைப் போட்டதற்கு முதலில் நன்றி. இனிக் குறைக்கு வருகிறேன்.

தலைப்பு, "மன அழுத்தத்தை வென்ற சிரிப்பரசி". கடைசி வரி, "இன்று அவர் முற்றாகக் குணமடைந்து மற்றவர்களுக்கு வழிகாட்டுகிறார்". தலைப்பும் பிழை, கடைசி வரியும் பிழை. தலைப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கடைசி வரியை வாசித்ததும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுப் போய் ஒரு தேத்தண்ணி போட்டுக் குடித்தேன். திரும்ப எடுத்து வாசித்தேன். அப்போதும் அது அங்கேயே இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் லண்டன் நிலக்கீழ் ரயிலில் 22 வருடம் நிலைய ஊழியனாக இருந்தவன். போன வருடம் ஓய்வு பெற்றேன். வேலை இல்லாத நாட்களில் பகிடிக்காரன். பிறந்தநாள், சாமத்தியவீடு, ஊர்ச் சங்க ஒன்றுகூடல், எங்கே ஒலிவாங்கி இருந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். காசு வாங்கியதில்லை, சாப்பாடு கட்டித் தருவார்கள். என்னுடைய பேர்போன பகிடி ஒரு விசரனைப் பற்றியது. அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி வந்த ஒருவன் கொழும்பு பஸ்ஸில் ஏறி, கொண்டக்டரோடு டிக்கெட்டுக்குப் பேரம் பேசுகிற கதை. சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். எத்தனை மண்டபத்தில் சொன்னேன் என்று கணக்கில்லை. இங்கே அதை எழுதப்போவதில்லை.

2009ஆம் ஆண்டு நான் வேலை செய்த நிலையத்தின் பிளாட்ஃபோம் சுவரில் ஒரு பெரிய போஸ்டர் வந்தது. ரூபி வக்ஸின் முகம். பக்கத்தில் இருந்த வாசகத்தின் சாரம் இதுதான்: ஐந்து பேரில் ஒருவருக்குத் தலையில் சொடுகு, நான்கு பேரில் ஒருவருக்கு மனநலப் பிரச்சினை, எனக்கு இரண்டுமே இருந்திருக்கிறது. மைண்ட், ரீதிங்க் என்ற இரண்டு தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய "டைம் டு சேஞ்ச்" இயக்கத்தின் போஸ்டர் அது. எனக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. சொடுகு என்ற இடத்தில் சிரித்தேன். நல்ல பகிடி, எதிர்பாராத இடத்தில் வந்து நிற்கிறது என்று தொழில்ரீதியாக ரசித்தேன் என்றே சொல்லலாம்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, எங்கள் ஆள் ஒரு வயதான அம்மா ரயிலுக்கு நின்றார். என் பெயர் அட்டையைப் பார்த்துவிட்டுத் தமிழில் கேட்டார்.

"தம்பி, உதில என்ன எழுதியிருக்கு? ஏன் உந்த மனிசி இப்பிடிப் பாக்கிறா?"

"அது சொடுகுக்கு ஷாம்பூ விக்கிற விளம்பரம் அம்மா."

யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது. அம்மாவும் "ஓ, அப்பிடியோ" என்றுவிட்டு வந்த ரயிலில் ஏறிப் போனார். அவருக்கு ஏன் பொய் சொன்னேன் என்று அன்றைக்கு நான் என்னையே கேட்கவில்லை. மனநோய் என்ற சொல்லை ஒரு மூத்த பெண்ணிடம் பிளாட்ஃபோமில் நின்று சொல்வது மரியாதையில்லை என்று பட்டிருக்க வேண்டும். மண்டபத்தில் 300 பேருக்கு முன்னால் விசரன் கதை சொல்ல எனக்குக் கூச்சமே இருந்ததில்லை.

அந்தப் போஸ்டருக்குப் பின்னால் இருந்த கதையைப் பின்னர்தான் அறிந்தேன். உங்கள் கட்டுரையில் அது இல்லை. இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவருடைய இரண்டாவது வாழ்க்கையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. படம் எடுக்கக் கேட்டார்கள், சம்மதித்தார். ஏதோ சின்னதாக ஒரு மூலையில் வரும் என்று நினைத்திருந்தார். பார்த்தால் லண்டன் ரயில் நிலையங்களில் எல்லாம் அவர் முகம். வெட்கத்தில் கூசிப்போனார். பிறகு அவர் செய்ததுதான் ஒரு முழுநேரப் பகிடிக்காரி செய்யக்கூடிய வேலை: அந்தப் போஸ்டர் ஏதோ தன் மேடை நிகழ்ச்சியின் விளம்பரம் என்று சனம் நினைக்கட்டும் என்று, அதற்குப் பொருத்தமாக ஒரு நிகழ்ச்சியையே எழுதிவிட்டார். முதல் இரண்டு வருடம் அதை மனநல மருத்துவ விடுதிகளில், நோயாளிகளுக்கு முன்னால்தான் நடத்தினார். 2011இல் லண்டன் நாடக அரங்குக்கு வந்தது. பாதி நேரம் நிகழ்ச்சி, மீதி நேரம் பார்வையாளர்கள் தங்கள் கதையைப் பேசுவது.

ஆக, துணிச்சலோடு முன்வந்து ஒரு நாள் அறிவித்தார் என்று நீங்கள் எழுதியது அழகாக இருக்கிறது, ஆனால் நடந்தது அப்படியில்லை. மாட்டிக்கொண்டார், பிறகு சமாளித்தார், சமாளித்ததே இயக்கமாகிவிட்டது. எனக்கு இந்தக் கதைதான் அதிகம் பிடிக்கும். துணிச்சல்காரரைப் பார்த்தால் என்னைப் போன்றவன் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். மாட்டிக்கொண்டவரைப் பார்த்தால் கொஞ்சம் நின்று பார்ப்பான்.

அவருடைய முதல் வாழ்க்கையைக் கட்டுரை நன்றாகவே சொல்லியிருந்தது. கிளாஸ்கோவில் நாடகப் படிப்பு, 1978இல் றோயல் ஷேக்ஸ்பியர் கம்பனி, அங்கே நடிகர் அலன் ரிக்மனின் நட்பு, நகைச்சுவை எழுது என்று அவர் தூண்டியது, 80களில் நகைச்சுவை நடிகைகள் டோன் ஃபிரெஞ்ச், ஜெனிஃபர் சோண்டர்ஸோடு தொலைக்காட்சித் தொடர். எனக்கு அவரைத் தெரியவந்தது அதற்கும் பிறகு, 90களில். ஈஸ்ட் ஹாமில் ஓர் அறையில் ஐந்து பெடியங்கள் இருந்தோம். சின்னத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று. ஆங்கிலம் பழகுவதற்கு என்று சொல்லித்தான் பார்ப்போம், ஆனால் ரூபி வக்ஸ் கதைக்கிற வேகத்துக்கு ஆங்கிலம் பழக முடியாது. 1996இல் பிலிப்பைன்ஸின் முன்னாள் ஜனாதிபதியின் மனைவி இமெல்டா மார்க்கோஸிடம் போய் அந்த அம்மாவின் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. முன்னாள் மனைவியைக் கத்தியால் குத்திக் கொன்ற வழக்கில் விடுதலையான ஓ.ஜே. சிம்ப்சனோடு நடத்திய பேட்டியில் அந்த ஆள் கதவைத் திறந்து, கையில் ஒரு வாழைப்பழத்தைப் பிடித்துக்கொண்டு கத்தியால் குத்துவதுபோல் நடித்துக் காட்டினார். நாங்கள் ஐந்து பேரும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அந்தக் காலம் முழுக்க அவருக்குள் இந்த வருத்தம் வந்து போய்க்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் இப்போது வேறு மாதிரி இருக்கிறது.

வருத்தம் என்றால் தமிழ்நாட்டு வாசகர்களுக்குக் கவலை. எங்களுக்கு அது நோய். "அவருக்கு வருத்தமாம்" என்றால் ஆஸ்பத்திரிக்குத் தோடம்பழம் வாங்கிக்கொண்டு போவோம். இந்த ஒரு நோய்க்கு மட்டும் அந்தச் சொல்லை நாங்கள் கொடுத்ததில்லை. இதற்கு விசர் என்ற ஒன்றுதான். அதற்குத் தோடம்பழம் கிடையாது.

2012இல் எடின்பரோவில் ரூபி வக்ஸ் ஒரு மேடையில் பேசியதும் கிட்டத்தட்ட இதையேதான். மருத்துவ விடுதியில் இருந்தபோது பூங்கொத்தோ வாழ்த்து அட்டையோ பெரிதாக வரவில்லை, கால் முறிந்திருந்தால் குவிந்திருக்கும், உற்சாகமாக இரு என்று சொல்ல இரண்டொரு தொலைபேசி அழைப்புத்தான் வந்தது என்றார். உடம்பில் மற்ற எந்த உறுப்புக்கு வருத்தம் வந்தாலும் இரக்கப்படுகிறவர்கள் மூளைக்கு வந்தால் மட்டும் ஏன் இரக்கப்படுவதில்லை என்றும் கேட்டார்.

தலைப்பில் இருந்த சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். "மன அழுத்தம்" என்று எழுதியிருந்தீர்கள். மன அழுத்தம் எல்லாருக்கும் உண்டு. மோர்ட்கேஜ் கட்டுகிறவனுக்கு உண்டு, பிள்ளைக்குப் பரீட்சை என்றால் தாய்க்கு உண்டு. கடன் தீர்ந்தால், பரீட்சை முடிந்தால் அது இறங்கிவிடும். ரூபி வக்ஸுக்கு இருப்பது மனச்சோர்வு நோய், ஆங்கிலத்தில் டிப்ரெஷன். இரண்டும் ஒன்றில்லை என்று அவரே சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவர். உங்கள் பத்திரிகையில் மட்டுமில்லை, எல்லாப் பத்திரிகையிலும் இந்தக் குழப்பம் இருக்கிறது. எனக்கு இது ஏன் முக்கியம் என்றால், 2014 மாரியில் நான் விழுந்தபோது என்னைச் சுற்றி எல்லாரும், நான் உட்பட, "அழுத்தம்" எங்கே என்று தேடினோம். கடன் இல்லை. பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். வீட்டில் சண்டை இல்லை. அப்போ என்ன வருத்தம் உனக்கு என்று அண்ணர் கேட்டார். பதில் இல்லாததால் நான் நடிக்கிறேன் என்று நானே முடிவுகட்டினேன்.

அந்த மாரியைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். காலையில் சப்பாத்து நாடாவைக் கட்டுவதற்குக் குனிவேன். குனிந்தபடியே இருப்பேன். மனைவி சமையலறையிலிருந்து "இஞ்சாருங்கோ, நேரம் போகுது" என்பார். நாடா கையில் இருக்கும். அடுத்தது என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், கை செய்யாது. அன்று மாலை ஒரு பிறந்தநாள் விழாவில் நான் பகிடி சொல்லி மண்டபமே அதிர்ந்தது. அதுவும் உண்மைதான். அதனால்தான் பிறகு யாருக்கு எடுத்துச் சொன்னாலும் நம்பவில்லை.

குடும்ப டொக்டர் பேச்சுச் சிகிச்சைக்கு எழுதினார். அதற்கு முதலில் தொலைபேசியில் 9 கேள்வி கேட்பார்கள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தீர்களா, நித்திரை எப்படி, உங்களைப் பற்றியே மோசமாக நினைத்தீர்களா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. என் ஆங்கிலம் வேலைக்குப் போதும், இதற்குப் போதாது என்று நினைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்டிருந்தேன். தந்தார்கள். அவர் "வணக்கம்" என்றதுமே எனக்கு விளங்கிவிட்டது, எங்கள் ஊர்ப் பக்கக் குரல். யாருடைய மகன், யாருக்கு மருமகன் என்று தெரியவில்லை, ஆனால் நாளைக்கு ஏதாவது ஒரு சாமத்தியவீட்டில் எனக்கு எதிரே இருந்து சாப்பிடப்போகிறவர். 9 கேள்விக்கும் "அப்படி ஒன்றுமில்லை" என்றேன். நித்திரைக்கு மட்டும் ஒரு புள்ளி கொடுத்தேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று. மொத்தம் 27இல் 1. நான் ஆரோக்கியமாக இருக்கிறேன் என்று கடிதம் வந்தது.

மொழிபெயர்ப்பாளர்கள் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள். அந்தத் தம்பி ஒரு பிழையும் செய்யவில்லை, என்னுடைய பயம்தான். மூன்று மாதம் கழித்து டொக்டர் அதே தாளை என் கையில் கொடுத்து, "இங்கேயே இருந்து நீங்களே அடையாளம் போடுங்கள், நான் பார்க்கவில்லை" என்று கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். 21 வந்தது. 20 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையானது. அவர் ஒன்றும் சொல்லாமல் தாளை எடுத்து வைத்துவிட்டு, இதற்கு முன் எப்போதாவது இப்படி இருந்ததா என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் இரண்டு தடவை இருந்திருக்கிறது. ஒன்றுக்கு நான் "குளிர்" என்று பெயர் வைத்திருந்தேன், மற்றதற்கு "ஊர் நினைப்பு". அவர் கணக்கில் இது மூன்றாவது.

செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மருந்தை 50 மில்லிகிராமில் தொடங்கினார். முதல் இரண்டு கிழமை வயிற்றைப் பிரட்டியது, வேறு ஒன்றும் நடக்கவில்லை. வேலை செய்ய நாலு, ஆறு கிழமைகூட ஆகும் என்று அவர் சொன்னதை நான் காதில் போடவில்லை. இரண்டு தடவை நானாகவே நிறுத்தினேன், இரண்டு தடவையும் மனைவி குப்பைக்கூடையிலிருந்து பெட்டியை எடுத்து வைத்தார். பிறகு ஒரு குழு வகுப்பு, எட்டுக் கிழமை. இங்கேதான் ரூபி வக்ஸ் திரும்ப வருகிறார்.

அந்த வகுப்பின் பெயர் மைண்ட்ஃபுல்னஸ் அடிப்படையிலான அறிதல் சிகிச்சை. சீன்டல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜோன் டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்கள் உருவாக்கியது. ரூபி வக்ஸ் ஒக்ஸ்ஃபோர்ட்டில் படித்து 2013இல், தன் 60ஆவது வயதில், முதுகலைப் பட்டம் பெற்றது இதில்தான். கட்டுரையில் "தியானம் படித்தார்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். தியானம் என்றதும் எங்கள் ஆட்கள் காவியுடையும் ஊதுபத்தியும் என்று நினைத்துவிடுவார்கள். எங்கள் முதல் வகுப்பில் ஆளுக்கு ஒரு பிளம்ஸ் தந்தார்கள், அதுதான் உலர்ந்த திராட்சை. உள்ளங்கையில் வைத்துப் பார், மடிப்புகளைப் பார், காதருகே உருட்டிப் பார், மண, பிறகு வாயில் வை, கடிக்காதே. நூலகத்தின் மேல்மாடி அறையில் பதினொரு பேர், அதில் ஒருவர் தபால்காரர், ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியை, வாயில் ஒரு பிளம்ஸை வைத்துக்கொண்டு கண்ணை மூடி இருக்கிறோம். என் மனதில் ஓடியது ஒன்றுதான்: இதை எந்த மண்டபத்தில் சொன்னாலும் எடுபடும். பகிடிக்காரனின் புத்தி போகாது. ஆனால் அன்றைக்கு வகுப்பு நடத்திய பெண் சொன்னதும் அதையேதான். மனம் எங்கே ஓடியது என்று பார், ஓடியதற்குக் கோபப்படாதே, திரும்பக் கூட்டி வா. அவ்வளவுதான் வித்தை. எட்டுக் கிழமையும் வெவ்வேறு விதமாக அதையே செய்தோம்.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். இந்தச் சிகிச்சை எதற்காக உருவானது தெரியுமா? மனச்சோர்வு வந்து போனவர்களுக்கு அது திரும்ப வருவதைக் குறைக்க. நோய் முற்றிய நேரத்தில் செய்வதற்காக முதலில் உருவானதே அல்ல. இறங்கி இருக்கிற நேரத்தில், அடுத்தது வரும்போது முதல் அடையாளத்தைக் கண்டுகொள்வதற்காக. 2004இலேயே இந்த நாட்டின் மருத்துவ வழிகாட்டி நிறுவனமான நைஸ், மூன்றோ அதற்கு மேலோ தடவை வந்தவர்களுக்கு இதைப் பரிந்துரைத்தது. ரூபி வக்ஸ் பட்டம் வாங்கிய படிப்பின் அத்திவாரமே "இது திரும்பி வரும்" என்பதுதான். அவரைப் பற்றிய கட்டுரையை "முற்றாகக் குணமடைந்து" என்று முடித்தால் அவர் படித்ததையும் சேர்த்து அழித்ததாகாதா?

திரும்பியும் வந்தது. 2022இல், 12 வருட இடைவெளிக்குப் பிறகு. அதற்கு முன்பு திமிங்கிலங்களோடு நீந்தினார், 30 நாள் பேசாமல் இருக்கிற ஒரு முகாமுக்குப் போனார், வாழ்க்கையின் பொருளைத் தேடுகிறேன் என்று ஒரு நூல் எழுதுவதற்காக. தேடிப்போனவர் வந்து சேர்ந்த இடம் மனநல மருத்துவ விடுதி. 2015இல் மனநலப் பணிக்காக ஓ.பி.ஈ. என்ற அரச விருது வாங்கியவர், அப்போது சவுத்ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தவர், நாடு முழுக்க மேடையில் ஏறி இதைப் பற்றிப் பேசியவர். வேறு யாராவது என்றால் பின்வாசலால் வந்து பின்வாசலால் போயிருப்பார்கள். இவர் 2023இல் நூலை மாற்றி எழுதினார். தான் நினைத்த அளவுக்குத் தான் சுகமாக இல்லை என்பதையே தலைப்பாக வைத்தார், அதை வைத்தே மேடை நிகழ்ச்சியும் நடத்தினார். இது உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. கட்டுரை 2017இலேயே நின்றுவிட்டது.

எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வகுப்பு முடிந்து நன்றாக வந்தபிறகு, 2017 முதல் 2020 வரை, கோயில் மண்டபங்களிலும் முதியோர் ஒன்றுகூடல்களிலுமாக ஒன்பது இடங்களில் இதைப் பற்றிப் பேசினேன். விசரன் பகிடியை விட்டுவிட்டு, சப்பாத்து நாடாக் கதையைச் சொன்னேன். சிரிப்பும் வந்தது, பேச்சு முடிந்து வாகனத் தரிப்பிடத்தில் வந்து கையைப் பிடித்தவர்களும் உண்டு. ஒருவர் தன் மகளுக்காக, ஒருவர் தனக்காக. கடைசியில் நானும் உங்கள் கட்டுரை மாதிரித்தான் முடிப்பேன்: "இப்ப பாருங்கோ, முழுச் சுகம்!" கைதட்டுவார்கள்.

2021 பெப்ரவரியில் திரும்ப வந்தது. நாலரை மாதம் வேலைக்குப் போகவில்லை. செய்தி எங்கள் வட்டத்தில் பரவ ஒரு கிழமைகூட எடுக்கவில்லை. ஒருவர் சொன்னது என் காதுக்கே வந்தது: "மேடையில நிண்டு கதைச்சவருக்கே திரும்ப வந்திட்டுதாம், பிறகென்ன மருந்தும் மாயமும்." நான் "முழுச் சுகம்" என்று சொன்னதை நம்பி மருந்து தொடங்கிய ஒரு பெண், நான் விழுந்ததைக் கேட்டதும் மருந்தை நிறுத்திவிட்டார் என்று பின்னர் அறிந்தேன். அவர் இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அந்தச் செய்தியைக் கேட்ட நாள் எனக்கு மறக்காது. அதற்குப் பிறகு ஒரு மேடையிலும் ஏறவில்லை. ஏற என்ன தகுதி என்று நினைத்தேன்.

2023இல் வானொலியில் ரூபி வக்ஸின் குரல். அந்தப் பழைய அமெரிக்க வேகம் கொஞ்சம் குறைந்திருந்தது. தனக்குத் திரும்ப வந்ததை, கால் முறிந்த கதை சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றேன். குழாயை மூடினேன். அன்றிரவு மனைவியிடம், அவர் நிகழ்ச்சிக்கு இரண்டு டிக்கெட் எடுக்கட்டா என்று கேட்டேன். "எனக்கு அவ கதைக்கிறது விளங்காது" என்றார். சரி என்று வந்தார். முன்பாதியில் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. பின்பாதியில் பார்வையாளர்கள் ஒவ்வொருவராக எழும்பித் தங்கள் கதையைச் சொல்லத் தொடங்கியபோது என் சட்டைக்கையைப் பிடித்தபடி இருந்தார். ரயிலில் திரும்பி வரும்போது, "உங்கட சின்னாச்சிக்கும் இதுதானே" என்றார்.

சின்னாச்சி என் பாட்டியின் தங்கை. வீட்டுக் கோடிப்பக்கம் ஓர் அறை, சாப்பாட்டுத் தட்டு உள்ளே போகும், வெளியே வரும். விருந்தினர் வந்தால் அந்தக் கதவு சாத்தியிருக்கும். "ஆச்சிக்குச் சுகமில்லை" என்பார்கள், என்ன சுகமில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். ரூபி வக்ஸின் பெற்றோர் நாஜிகளுக்குத் தப்பி வியன்னாவிலிருந்து சிகாகோ பக்கம் போனவர்கள். அகதி வீட்டுப் பிள்ளை, எங்கள் பிள்ளைகளைப் போல. 2017இல் பிபிசியின் வம்சவழி நிகழ்ச்சி ஒன்றில்தான், தன் தாய்வழியில் முந்தைய தலைமுறைப் பெண்கள் இருவர் மனநோய் விடுதியில் இருந்தவர்கள் என்பதை அவர் அறிந்தார். அறுபதைத் தாண்டிய பிறகு. வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. வியன்னாவிலும் ஒரு கோடிப்பக்க அறை இருந்திருக்கிறது.

ஆசிரியர் அவர்களே, இனி இப்படிக் கட்டுரை போடும்போது கீழே இரண்டு வரியில் எண்களைப் போடுங்கள். மனம் உடைந்தவர்களின் பேச்சைக் கேட்கிற தொண்டு நிறுவனமான சமரிட்டன்ஸ் 116 123, இரவு பகல் எந்நேரமும், இலவசம். இங்கிலாந்தில் அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ்.இன் 111ஐ அழைத்து 2ஐ அழுத்தினால் மனநல அவசர உதவி. பேச்சுச் சிகிச்சைக்கு டொக்டர் எழுத வேண்டும் என்றில்லை, நாமே பதிவு செய்யலாம். மொழிபெயர்ப்பாளரின் குரல் தெரிந்த குரலாக இருந்தால் வேறொருவரைக் கேட்கலாம். இரண்டாவது தடவை நான் கேட்டேன், காரணம் விசாரிக்காமல் மாற்றித் தந்தார்கள். எங்கள் சனத்துக்கு இந்தக் கடைசி விஷயம்தான் தெரிய வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ரூபி வக்ஸ் 2017இல் தொடங்கிய "ஃபிரசல்ட் கஃபே" பற்றி எழுதியிருந்தீர்கள். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் சிற்றுண்டிச்சாலைகளில் கடை பூட்டிய பிறகு சின்னக் குழுவாக இருந்து கதைப்பது, 2020க்குப் பிறகு இணையவழியில். அதைப் போல ஒன்றைத் தமிழில் யாராவது தொடங்கினால் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். தொடங்கியாயிற்று. செவ்வாய்க்கிழமை பின்னேரம், அதே நூலகத்தின் அதே மேல்மாடி அறை. ஆறு பேர் வருகிறோம், மழை என்றால் நாலு. சிகிச்சை ஒன்றுமில்லை, புத்திமதி சொல்லத் தடை. போன கிழமை ஒருவர் முக்கால் மணிநேரம் தன் பக்கத்து வீட்டுக்காரரின் வேலியைப் பற்றியே கதைத்தார். கேட்டுக்கொண்டிருந்தோம். முதல் நாளே நான் சொல்லிவிட்டேன், எனக்கு இது இருக்கிறது, இப்போது இறங்கியிருக்கிறது, திரும்ப வரலாம், வந்தால் நான் ஒரு சில செவ்வாய் வரமாட்டேன், திறப்பு நூலகத்தில் இருக்கும் என்று.

இந்தக் கடிதத்தை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். சின்னாச்சியின் பந்தியை எடுக்கச் சொல்வார் என்று நினைத்தேன், எடுக்கச் சொல்லவில்லை. குப்பைக்கூடைக் கதையில் மட்டும் ஒரு திருத்தம் சொன்னார்: பெட்டியை எடுத்தது இரண்டு தடவை இல்லை, நாலு தடவையாம்.

பெயரைப் பற்றித்தான் வீட்டில் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. மகள் முழுப்பெயரையும் போடுங்கள் அப்பா என்கிறாள். அவளுக்குத்தான் இப்போது கலியாணம் பேசுகிறோம். மனைவி வேண்டாம் என்கிறார். ஷாம்பூ விளம்பரம் என்று சொன்ன ஆள் நான், தீர்ப்புச் சொல்ல எனக்கு வாயில்லை. இந்தத் தடவை முதலெழுத்துகளை மட்டும் போடுங்கள். செவ்வாய்க்கிழமைக்கு வர விரும்புகிறவர்கள் கேட்டால் என் தொலைபேசி எண்ணைத் தாராளமாகக் கொடுக்கலாம், அதைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
க. ச.
ஈஸ்ட் ஹாம், லண்டன்